அம்மா மதுரையில், வேலை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில்: வெளிநாட்டு உறவுகளும் செக்யூரிட்டி கிளியரன்ஸும்

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய தமிழ்ப் பொறியாளர் ஒருவருக்கு லாக்ஹீட் மார்ட்டின் மாதிரி ஒரு பாதுகாப்புத் தளவாட நிறுவனத்தில் வேலை கிடைக்கிறது என்று வையுங்கள். அரசு ரகசியங்களைக் கையாள அனுமதிக்கும் செக்யூரிட்டி கிளியரன்ஸ் எடுக்க வேண்டும் என்கிறார்கள். உடனே அவர் மனம் ஊருக்குத்தான் போகும். அம்மா மதுரையில் இருக்கிறார். தம்பிக்கு மகேந்திரகிரி இஸ்ரோவில் வேலை. தஞ்சாவூர்ப் பக்கம் மாமனாருக்கு நிலம் இருக்கிறது. இவர் கையில் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ கார்டு. அம்மாவுக்குப் போன் பேசுவதைக் குறைத்துக்கொள்ளலாமா, தம்பிக்கு என்ன வேலை என்பதைப் பொத்தாம்பொதுவாக எழுதிவிடலாமா என்றெல்லாம் யோசனை ஓடும்.

இரண்டும் வேண்டாம். கிளியரன்ஸ் தருவதா என்று முடிவு செய்யும் அலுவலகம் கேட்பது ஒன்றைத்தான்: உங்கள் உறவுகளில் யாரையாவது வைத்து வேறொரு நாடு உங்களை நெருக்கவோ வளைக்கவோ முடியுமா? பெற்றவளோடு தினமும் பேசுவது குற்றமில்லை. பேசுவதை மறைத்தால் உங்கள் நேர்மையே கேள்விக்குள்ளாகும், அதைச் சரிசெய்வது மிகவும் கடினம். உறவை வெட்ட வேண்டாம், முழுசாக எழுதிக் காட்டுங்கள். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இதிலிருந்து வருபவை.

முதல் படி: நீங்கள் இந்த வரிசையில் நிற்க முடியுமா?

கிளியரன்ஸ் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்தான். கிரீன் கார்டு போதாது. வெளிநாட்டவரின் தனித்திறமை தேவைப்படும் அபூர்வமான இடங்களில் வரையறுக்கப்பட்ட அனுமதி ஒன்று தருவார்கள், ஆனால் அது கிளியரன்ஸ் ஆகாது. நீங்களாக விண்ணப்பிக்கவும் வழியில்லை. அரசுத் துறையோ, அரசு ஒப்பந்தம் வைத்திருக்கும் நிறுவனமோ உங்களை முன்மொழிய வேண்டும். "கிளியரன்ஸ் வாங்கித் தருகிறோம்" என்று பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள்.

கான்ஃபிடென்ஷியல், சீக்ரெட், டாப் சீக்ரெட் என்று மூன்று நிலைகள் உண்டு. மேலே போகப் போக விசாரணை ஆழமாகும். இது யாருக்கும் உரிமை இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988இல் கடற்படைத் துறைக்கும் ஈகன் என்பவருக்கும் இடையிலான வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. சந்தேகம் இருந்தால் நாட்டின் பாதுகாப்புப் பக்கமே தீர்ப்பு சாயும். குற்ற வழக்கில் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போகும், இங்கே நேர் எதிர். இதை மனதில் வாங்கிக்கொண்டால்தான், "அவர்கள் நிரூபிக்கட்டும்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது என்பது புரியும்.

இரண்டாம் படி: அளவுகோலைப் படியுங்கள்

கிளியரன்ஸ் தரலாமா என்பதைத் தீர்மானிக்க உதவும் எஸ்இஏடி-4 என்ற உத்தரவு 2017 ஜூன் 8 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் ஏ முதல் எம் வரை 13 வழிகாட்டு நெறிகள் உள்ளன. கடன், குடி, போதைப்பொருள், குற்றப் பின்னணி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நெறி. நமக்கு முக்கியமானவை இரண்டு. வெளிநாட்டுச் செல்வாக்கு பற்றியது 'பி'. வெளிநாட்டை முன்னிறுத்தி நடந்துகொள்வது பற்றியது 'சி'. நம்மவர்களுக்கு அதிகம் கேள்வி வருவது பி-யில்தான்.

பி நெறி மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பார்க்கிறது: எந்த நாடு, அங்கே இருப்பவர் யார், அவரோடு உங்களுக்கு எவ்வளவு நெருக்கம். அமெரிக்க ரகசியங்களைக் குறிவைக்கும் நாடா, பயங்கரவாத ஆபத்து உள்ள இடமா என்று பார்ப்பார்கள். "இந்தியா நட்பு நாடுதானே, 2016இல் அமெரிக்காவே முக்கியப் பாதுகாப்புக் கூட்டாளி என்று அறிவித்ததே" என்று கேட்கலாம். அது உங்களுக்குச் சாதகமான விஷயம்தான், ஆனால் அது மட்டும் போதாது. 1985இல் கைதான ஜொனாதன் போலார்ட் உளவு பார்த்தது இஸ்ரேலுக்காக. நட்பு நாடும் ரகசியத்தைத் தேடும் என்பதற்கு அந்த ஒரு வழக்கே போதும்.

இன்னொரு பக்கமும் இதே நெறியில் இருக்கிறது. உறவின் தன்மை, அந்த நாடு, அவர் வகிக்கும் பதவி ஆகியவற்றைப் பார்க்கும்போது உங்களை இக்கட்டில் தள்ள வாய்ப்பில்லை என்றால் ஆபத்து தணியும். அமெரிக்காவில் உங்கள் வேர் ஆழமாக இருப்பதால், இரண்டு பக்கமும் இழுக்கும் நிலை வந்தால் நீங்கள் அமெரிக்கப் பக்கமே நிற்பீர்கள் என்று நம்ப முடிந்தாலும் தணியும். இந்த இரண்டாவது வாசல்தான் நம்மவர்கள் பலருக்கும் திறந்திருக்கிறது. அம்மா மீது பாசம் இல்லை என்று யாரும் நிரூபிக்க முடியாது, நிரூபிக்கவும் கூடாது. அந்தப் பாசத்துக்கு எதிர்த் தட்டில் உங்கள் அமெரிக்க வாழ்க்கையை வைத்துக் காட்டலாம்.

மூன்றாம் படி: ஆட்களை எழுதுங்கள்

படிவத்தைத் திறப்பதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். பிற்பாடு பல நாள் அலைச்சல் மிச்சமாகும்.

கிளியரன்ஸுக்காக நீங்கள் நிரப்ப வேண்டிய எஸ்எஃப்-86 என்ற அந்தப் படிவம் உறவினர்களுக்குத் தனிப் பகுதி வைத்திருக்கிறது. பெற்றோர், மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை, உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள், மாமனார், மாமியார் எல்லோரும் அதில் வர வேண்டும், இறந்தவர்கள் உட்பட. அவர்களில் அமெரிக்கக் குடிமக்கள் அல்லாதவர்களைப் பற்றி மேலும் கேட்பார்கள்: எங்கே வேலை, எத்தனை நாளுக்கொரு முறை பேசுகிறீர்கள், போனிலா நேரிலா, அந்நாட்டு அரசோடோ ராணுவத்தோடோ பாதுகாப்புத் தொழிலோடோ உளவுத் துறையோடோ தொடர்பு உண்டா.

அண்ணி, மச்சான், சித்தி மகன் ஆகியோர் அந்த உறவினர் பட்டியலில் இல்லை. அதனால் விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. கடந்த 7 ஆண்டுகளில் நீங்களோ உங்கள் மனைவியோ கணவரோ பாசம், செல்வாக்கு, பொது ஈடுபாடு, கடமை இவற்றில் ஏதாவது ஒன்றால் பிணைக்கப்பட்டு நெருக்கமாகவோ தொடர்ச்சியாகவோ பழகும் வெளிநாட்டவர் எல்லோரும் அடுத்த பகுதியில் வருவார்கள். பள்ளிக்கால வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் அத்தனை பேரையும் எழுத வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் யார் வீட்டில் தங்குகிறீர்களோ, யார் பிள்ளையின் படிப்புக்குப் பணம் அனுப்புகிறீர்களோ, அவரை எழுதியே ஆக வேண்டும். எழுதலாமா வேண்டாமா என்று தயங்கும் பெயர் இருந்தால் எழுதிவிடுங்கள். பெயர் கூடிவிட்டதால் வரும் கேள்வியைவிட, விட்டுப்போன பெயரால் வரும் கேள்வி கடுமையானது.

இப்போது அந்த அம்மாவையும் தம்பியையும் பார்ப்போம். அம்மா ஓய்வு பெற்ற அரசுப் பள்ளித் தலைமையாசிரியை, மாநில அரசு பென்ஷன் வருகிறது. அரசுத் தொடர்புதான், எழுத வேண்டும். ஆனால் வகுப்பறையில் காலம் கழித்த ஒருவரை வைத்து உளவு அமைப்புக்கு ஆக வேண்டியது என்ன? பென்ஷன் சட்டப்படி வரும் உரிமை, யாருடைய தயவும் இல்லை. இதை இரண்டு வாக்கியத்தில் சொன்னால் பெரும்பாலும் தெளிவாகிவிடும். தம்பியின் கதை வேறு. மகேந்திரகிரியில் நடப்பது ராக்கெட் உந்துவிசைச் சோதனை. நீங்களும் ஏவுகணை சம்பந்தமான வேலைக்குப் போகிறீர்கள் என்றால், இருவர் துறையும் உரசும் இடம் அது. அங்கே நீளமான கேள்விகள் வரும். தம்பியோடு வேலை பற்றிப் பேசுவது உண்டா, அவர் மேலதிகாரிகள் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா, உங்கள் வேலை என்னவென்று அவருக்குத் தெரியுமா? உண்மையான பதிலைத் தயாராக வைத்திருங்கள். ஆவடியில் டிஆர்டிஓ ஆய்வகத்தில் வேலை பார்க்கும் மாமா, எல்லையில் ராணுவத்தில் இருக்கும் மச்சான் ஆகியோருக்கும் இதே கவனம் வேண்டும்.

கணவன் அல்லது மனைவியின் குடும்பத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாமனார் மாமியாரோடு உங்களுக்கும் பாசமோ கடமையோ இருக்கிறது என்றே விசாரணை அமைப்பு முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது.

பெயர் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். குடும்பப் பெயர், முதல் பெயர் என்று பிரித்துக் கேட்கும் படிவத்தில், இனிஷியல் வைத்து வாழ்ந்த நாம் எப்போதும் மாட்டிக்கொள்வோம். உங்கள் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும். தம்பிக்கு அது முன்னால் இருக்கும். அம்மாவுக்கு ஒரே பெயர்தான். ஒரே வீட்டில் ஒருவர் பெயரும் இன்னொருவர் பெயரும் ஒட்டவில்லையே என்று பார்ப்பவர் குழம்பாமல் இருக்க, குறிப்புப் பெட்டியில் தமிழர் பெயரிடும் முறையை ஒருமுறை விளக்கிவிடுங்கள். பழைய சான்றிதழில் வேறு எழுத்தில் இருந்த பெயரையும் 'வேறு பெயர்கள்' பகுதியில் சேருங்கள். அப்பாவின் பிறந்த தேதி பள்ளியில் சேர்க்கும்போது தோராயமாகப் போட்டதா? தோராயம் என்று குறிக்க படிவத்திலேயே இடம் இருக்கிறது.

நான்காம் படி: பணமும் மண்ணும்

வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்ஓ, என்ஆர்இ வங்கிக் கணக்குகள், வைப்பு நிதி, எல்ஐசி பாலிசி, பங்குகள், அடுக்குமாடி வீடு எல்லாவற்றையும் மதிப்போடு டாலரில் எழுதுங்கள். வீடு நிலம் பற்றிய கேள்வியில் ஒரு நுட்பம் இருக்கிறது. எப்போதாவது சொந்தமாக வைத்திருந்ததோடு, எதிர்காலத்தில் உங்களுக்கு வரும் என்று எதிர்பார்ப்பதையும் கேட்கிறார்கள். பூர்வீக வீட்டில் உங்களுக்கும் பங்கு வரும் என்றால், பாகப்பிரிவினை நடக்காவிட்டாலும் அது இந்தக் கேள்விக்குள் வந்துவிடும்.

பெரும்பாலோருக்கு இங்கே அச்சப்பட எதுவும் இல்லை. வெளிநாட்டுச் சொத்து உங்கள் மொத்தச் சொத்தில் எவ்வளவு பங்கு என்பதே கணக்கு. மேரிலாந்தில் சொந்த வீடு, ஓய்வூதியச் சேமிப்பு, அமெரிக்க வங்கி இருப்பு எல்லாவற்றுக்கும் முன்னால் மதுரை வீட்டின் பங்கு சிறிதாக இருந்தால், அதை இழக்க நேர்ந்தாலும் உங்கள் வாழ்க்கை ஆடாது. இதைக் காட்ட ஒரு பக்கத்தில் சொத்துப் பட்டியல் தயாரித்து வையுங்கள். பயந்துபோய் வீட்டை அவசரமாக விற்பதும், தங்கை பெயருக்கு மாற்றுவதும் தேவையில்லாதவை. விண்ணப்பத்துக்கு முந்தின மாதம் நடந்த பத்திரப் பதிவு புதிய கேள்விகளைத்தான் கொண்டுவரும்.

அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்பும் பணத்தையும் எழுத வேண்டும். வெளிநாட்டவருக்குப் பண உதவி செய்ததுண்டா என்ற கேள்விக்குக் கால வரம்பே இல்லை.

இதைவிட அதிகம் பேர் சறுக்கும் இடம் வரி. வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாவற்றிலும் சேர்த்து ஆண்டில் எந்த ஒரு நாளிலாவது 10,000 டாலரைத் தாண்டினால், அவற்றை அமெரிக்க அரசுக்குத் தெரிவிக்கும் எஃப்பார் அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். அம்மாவோடு கூட்டுக் கணக்கு இருந்தால் அதுவும் சேரும், பணம் அவருடையதே என்றாலும். இதைத் தாக்கல் செய்யாதவர் படிவத்தில் கணக்கை உண்மையாக எழுதும்போது வரித் தவறும் வெளியே தெரியும், நிதி ஒழுங்கு பற்றிய எஃப் நெறியும் உள்ளே வரும். விண்ணப்பத்துக்கு முன்பே வரி ஆலோசகரைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பாஸ்போர்ட், ஓசிஐ, ஓட்டு

இரட்டைக் குடியுரிமை இருந்தாலே கிளியரன்ஸ் இல்லை என்பது தவறு. 2000ஆம் ஆண்டிலிருந்து பாதுகாப்புத் துறையில் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தாக வேண்டும் என்ற கடுமையான நடைமுறை இருந்தது. 2017 நெறிகளில் பாஸ்போர்ட் வைத்திருப்பது மட்டுமே தகுதியைப் பறிப்பதில்லை. அதை மறைப்பதும், அமெரிக்காவுக்குள் வரும்போதும் வெளியேறும்போதும் அமெரிக்கப் பாஸ்போர்ட்டைப் பயன்படுத்தாமல் விடுவதும்தான் சிக்கல்.

இந்தியர்களுக்கு இரட்டைக் குடியுரிமைப் பேச்சே எழாது. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றதும் இந்தியக் குடியுரிமை சட்டப்படி போய்விடும். இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்த சான்றிதழ் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னும் ஒப்படைக்காமல் பீரோவில் வைத்திருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். பழைய பாஸ்போர்ட்டின் எண்ணும் தேதிகளும் எப்படியும் படிவத்துக்கு வேண்டும், எனவே நகல் எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

ஓசிஐ கார்டில் 'குடிமகன்' என்ற பெயர் இருந்தாலும் அது குடியுரிமை இல்லை. ஓட்டுரிமை இல்லை, அரசியலமைப்புப் பதவிகள் வகிக்க முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. நீண்டகால விசா மாதிரியான வசதி அது. ஆனாலும் குறிப்புப் பெட்டியில் எழுதி, ஊருக்குப் போய்வரவே வாங்கினேன் என்று ஒரு வரி சேர்த்துவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. விசாரணையாளர் கண்டுபிடித்துக் கேட்பதற்கும் நீங்களே சொல்லியிருப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

வெளிநாட்டுத் தேர்தலில் எப்போதாவது ஓட்டுப் போட்டதுண்டா என்றும் ஒரு கேள்வி இருக்கிறது. இந்தியக் குடிமகனாக இருந்தபோது மதுரையில் போட்ட ஓட்டும் இதில் சேரும். 'ஆம்' என்று குறித்து, அமெரிக்கக் குடியுரிமைக்கு முன் என்று எழுதுங்கள். அதனால் எந்தப் பாதிப்பும் வராது.

ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு

இது வேறு மாதிரி கனமான விஷயம், தனியே பேச வேண்டும். இலங்கை விண்ணப்பித்துப் பெறும் இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. அப்படி மீண்டும் பெற்றவர்கள் அதை சி நெறியின் கீழ் விளக்க வேண்டியிருக்கும்.

அதைவிடப் பெரியது இரண்டு. ஒன்று, அமெரிக்கா விடுதலைப் புலிகளை 1997 அக்டோபரில் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது. புலிகளுக்கு நிதி திரட்டும் முகமாக அமெரிக்கா கருதிய தமிழர் புனர்வாழ்வுக் கழகம் 2007 நவம்பரில் அமெரிக்க நிதித் துறையின் தடைப் பட்டியலில் சேர்ந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணத்துக்கென்று இக்கழகத்துக்கு மனம் உருகிப் பணம் கொடுத்த குடும்பங்கள் ஏராளம். கொடுத்த காலமும் கொடுத்த நோக்கமும் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும். இப்படி ஒன்று உங்கள் கடந்த காலத்தில் இருந்தால், படிவத்தில் ஒரு எழுத்து எழுதும் முன் இத்துறை தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள். பொய் சொல்வது எந்த நிலையிலும் வழியில்லை.

இரண்டு, இலங்கை அரசிடமிருந்து தப்பி வந்தவர் அந்த அரசுக்கு விசுவாசமாக இருக்க மாட்டார் என்பது நமக்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் பி நெறி விசுவாசத்தோடு நிற்பதில்லை, நெருக்கடியையும் பார்க்கிறது. கண்காணிப்பும் கெடுபிடியும் உள்ள இடத்தில் வாழும் உங்கள் அக்காவை வைத்து உங்களை மிரட்டுவது எளிது என்று அது கருதலாம். பாதிக்கப்பட்டவரே ஆபத்தாகப் பார்க்கப்படுவது மனதை வலிக்கச் செய்யும். ஆனாலும் அதைத் தெரிந்துகொண்டு பதில் தயாரிப்பதுதான் பயன்: அக்காவின் வேலை, அவர் எந்த அரசியலிலும் இல்லாதது, மிரட்டல் வந்தால் உடனே உங்கள் பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்வீர்கள் என்ற எழுத்துப்பூர்வமான உறுதி.

ஆறாம் படி: நேர்காணல்

படிவத்தில் கையெழுத்திட்டபின் விசாரணையாளர் நேரில் பேச வரலாம். கடந்த 7 ஆண்டு வெளிநாட்டுப் பயணங்கள், பாஸ்போர்ட் முத்திரைகள், விசாவுக்காக அல்லாமல் வெளிநாட்டுத் தூதரகத்தோடு இருந்த தொடர்புகள், நீங்கள் ஸ்பான்சர் செய்து அழைத்து வந்தவர்கள் எல்லாம் வரும். கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். படிவத்தில் ஏதாவது விட்டுப்போனது நினைவுக்கு வந்தால், அவர் கேட்கும் முன் நீங்களே சொல்லுங்கள். தெரிந்தே பொய் எழுதினால் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு.

வெளிநாட்டு உறவுகள் உள்ளவர்களுக்கு, விசாரணை முடியும்வரை தரப்படும் இடைக்கால அனுமதி மறுக்கப்படலாம், விசாரணையும் நீளலாம். அது இறுதி முடிவு அல்ல.

ஏழாம் படி: காரணக் கடிதம் வந்தால்

தகுதி தர முடியாத நிலை என்று கருதினால், அதற்கான காரணங்களைப் பட்டியலிட்டு ஒரு கடிதம் அனுப்புவார்கள். ஒப்பந்த நிறுவன ஊழியராக இருந்தால் 20 நாளுக்குள் ஒவ்வொரு காரணத்துக்கும் 'ஒப்புக்கொள்கிறேன்' அல்லது 'மறுக்கிறேன்' என்று விளக்கத்தோடு பதில் தர வேண்டும். கூடவே, நீதிபதி முன் விசாரணை வேண்டுமா, எழுத்து ஆவணங்களை வைத்தே முடிவு போதுமா என்றும் சொல்ல வேண்டும். அரசு ஊழியர்களுக்கும் ராணுவத்தினருக்கும் நடைமுறை சற்று வேறு.

என்னைக் கேட்டால் நேரடி விசாரணையைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். பி நெறி வழக்கில் முடிவு, உங்கள் மேல் வரும் நம்பிக்கையைப் பொறுத்தது. அது எழுத்தைவிட முகம் பார்த்துப் பேசும்போது நன்றாகப் பதியும். அரசுத் தரப்பு அந்த நாட்டைப் பற்றிய ஆவணங்களை முன்வைக்கும். நாட்டைப் பற்றி வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். உங்கள் வாழ்க்கையைக் காட்டுங்கள்: எத்தனை வருஷமாக இங்கே வாழ்கிறீர்கள், பிள்ளைகள் எங்கே பிறந்தார்கள், வீடு, வரி, ஓட்டு, கோயிலிலோ பள்ளியிலோ செய்யும் தொண்டு, கூட வேலை செய்தவர்களின் கடிதங்கள். மேல்முறையீட்டில் புதிய ஆதாரம் ஏற்கப்படாது, எனவே கையில் இருப்பதையெல்லாம் இங்கேயே வைத்துவிடுங்கள். மேல்முறையீட்டு அறிவிப்புக்கு 15 நாள்தான் அவகாசம்.

இந்த விசாரணைகளை நடத்தும், டோஹா (DOHA) என்று சுருக்கமாக அழைக்கப்படும் பாதுகாப்புத் துறை அலுவலகம் தன் தீர்ப்புகளைப் பெயர்களை நீக்கி இணையத்தில் வெளியிடுகிறது. இந்தியாவில் பெற்றோர் இருப்பவர்களின் வழக்குகளைத் தேடிப் படியுங்கள். எந்த விவரம் நீதிபதியை அசைத்தது, எது அசைக்கவில்லை என்று நேரடியாகத் தெரியும். இதற்கு நிகரான பாடம் வேறு இல்லை. கடைசியில் மறுக்கப்பட்டாலும், முடிவுத் தேதியிலிருந்து ஓராண்டு கழிந்தபின் மறுபடி முயலலாம்.

கிடைத்த பிறகு

கிளியரன்ஸ் வந்தபின்னும் சொல்லும் கடமை தொடரும். எஸ்இஏடி-3 என்ற உத்தரவு அதற்கானது. சொந்த வேலையாக ஊருக்குப் போவதென்றால் முன்கூட்டியே நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். பாட்டி இறந்துபோய் அடுத்த விமானத்தில் கிளம்பும் அவசரம் நமக்கெல்லாம் வரும். அவர் எண்ணைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள், விமான நிலையத்திலிருந்தாவது தகவல் போகட்டும். போட்ட பயணத் திட்டம் மாறினால், திரும்பி வந்த 5 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும்.

டாப் சீக்ரெட் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சில உண்டு. வெளிநாட்டு வங்கிக் கணக்கு திறப்பது, வெளிநாட்டில் சொத்து சேர்வது, திருமணம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டவர் ஒருவர் 30 நாளுக்கு மேல் உங்கள் வீட்டில் தங்கினாலும் அப்படித்தான். பிரசவத்துக்கு உதவ ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் இருக்கும் அம்மாவும் மாமியாரும் இதில் அடங்குவார்கள். ஊரில் பெண் பார்த்திருக்கிறார்கள், நிச்சயம் பண்ணப்போகிறார்கள் என்றால், கல்யாணப் பத்திரிகை அடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். பேச்சு உறுதியாகி இருவரும் பேசிப் பழகத் தொடங்கிய உடனேயே பாதுகாப்பு அதிகாரியிடம் பெண்ணின் பெயர், வேலை, பெற்றோர் விவரத்தைக் கொடுத்துவிடுங்கள். அவர் கேட்கும் கூடுதல் படிவங்களைக் கல்யாண வேலைகள் சூடுபிடிக்கும் முன்பே நிரப்பி முடிக்க அப்போதுதான் நேரம் இருக்கும்.